காலணியின் அழகும் காலின் சுகமும்



சென்ற மாதத்தில் ஒரு நாள், முன்னர் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் என் இல்லத்திற்கு வந்தான். இப்பொழுது அவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். மாலை வேளைகளில் ஒரு துணிக்கடையில் நின்றபடியே நான்கு மணி நேரம் வேலை பார்க்கிறான். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஒரு ஜோடி காலணி வாங்க எண்ணியிருந்தான். வந்தவன் தன் கைப்பேசியில் இரண்டு மூன்று படங்களைக் காட்டினான். அவையெல்லாம் என் இளமைக் காலத்திலும் அதற்கு முன்னரும் விளையாட்டு வீரர் அணிந்த காலணிகளின் வடிவங்கள். 'ரெட்ரோ ஸ்னீக்கர்' என்று இன்று இளைஞர்கள் அவற்றை வழங்குகின்றனர். நாம் பழம்பாணிக் காலணி என்று கூறலாம்.

"ஐயா, இது அழகாக இருக்கிறது. ஆனால் காலுக்குச் சுகமில்லை என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். சுகமாக இருப்பது கண்ணுக்குப் பிடிக்கவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டான்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் அவன் கையிலிருந்த பணம் அவனுக்குச் சிறியதன்று. பல மாலைகள் கால்கடுக்க நின்று ஈட்டிய பணம் அது. மேலும், வாங்கும் காலணியோடுதான் அவன் இனியும் நிற்க வேண்டும். ஆகவே அவன் கேள்வியை நான் விளையாட்டாக எண்ணவில்லை. நான் வரலாறு கற்பித்தவன். எனக்குத் தெரிந்த வழி வரலாற்று வழியே. அன்று அவனுக்குக் கூறியவற்றை இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

ஸ்னீக்கர் என்னும் காலணியின் கதை ரப்பரிலிருந்து தொடங்குகிறது. மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர், இயல்பான நிலையில் காலணிக்கு உதவாது. வெப்பத்தில் பிசின்போல் ஒட்டும். கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் என்பவர் 1839ஆம் ஆண்டில், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெப்பத்தையும் குளிரையும் தாங்கி, வளைந்து நிமிரும் தன்மை பெறுவதைக் கண்டார். 1844இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இதன் பின்னரே, மேலே கேன்வாஸ் என்னும் கித்தான் துணியும் கீழே ரப்பர் அடியும் கொண்ட மலிவான, இலேசான காலணி பெருகுவதற்கு வழி பிறந்தது.

தோல் அடி கொண்ட காலணி தரையில் 'டக், டக்' என்று ஓசை எழுப்பும். ரப்பர் அடியோ ஓசையின்றி நடக்கும். சந்தடியின்றி நழுவுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து 'ஸ்னீக்கர்' என்ற பெயர் பிறந்தது. 1887ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நகரத்து ஏடு ஒன்று இதைப் பற்றி எழுதியிருக்கிறது. டென்னிஸ் காலணிக்குச் சிறுவர்கள் இட்ட இப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை அல்லற்படும் பள்ளி ஆசிரியரே முழுதும் உணர்வார் என்பது அதன் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைகளில் கழித்த நான் அக்கூற்றை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

இனி, என் மாணவன் காட்டிய படங்களுள் முதலாவதற்கு வருவோம். அது கான்வெர்ஸ் குழுமத்தின் 'ஆல் ஸ்டார்' என்னும் காலணி. மார்க்விஸ் கான்வெர்ஸ் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் என்ற ஊரில் 1908இல் அக்குழுமத்தைத் தொடங்கினார். 1917இல் ஆல் ஸ்டார் வெளிவந்தது. கூடைப்பந்து ஆடுவோருக்கு அது பெரிதும் உகந்ததாயிற்று. கணுக்காலை மூடும் உயர்ந்த கித்தான் உறை. மரத் தரையில் வழுக்காத ரப்பர் அடி. விரல் நுனியைக் காக்கும் ரப்பர் முகப்பு. ஒவ்வோர் உறுப்பும் ஒரு தேவையின் பொருட்டு அமைந்ததே. சக் டெய்லர் என்னும் கூடைப்பந்து ஆட்டக்காரர் 1921இல் அக்குழுமத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று ஆட்டத்தையும் பயிற்றுவித்தார், காலணியையும் விற்றார். 1930களில் அவருடைய கையொப்பமே காலணியின் கணுக்கால் பகுதியில் இடம் பெற்றது.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இறுதியாட்டம் திறந்தவெளியில், மழையால் சேறாகிப்போன தரையில் நடந்தது. அமெரிக்கா 19க்கு 8 என்ற கணக்கில் கனடாவை வென்றது. 1962 மார்ச்சு 2ஆம் நாள் வில்ட் சேம்பர்லேன் ஒரே ஆட்டத்தில் தனியொருவராக 100 புள்ளிகள் எடுத்தார். அன்று அவர் காலில் இருந்தது கித்தான் துணியாலான கான்வெர்ஸ் காலணியே. அந்தக் காலத்து ஆட்டக்காரர் எவரும் அதை அழகுக்காக அணியவில்லை என்பதை நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தவற்றுள் சுகமானதும் பயன் மிக்கதும் அதுவாகவே இருந்தது.

இரண்டாவது படம் ஜெர்மானிய நிறுவனமாகிய அடிடாஸின் வெள்ளைத் தோல் காலணி. 1960களின் இடைப்பகுதியில் ராபர்ட் ஹைலே என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரரின் பெயரால் அது வந்தது. கித்தானே வழக்கமாயிருந்த டென்னிஸ் களத்தில் தோல் காலணி அன்று ஒரு புதுமை. பின்னர், 1972இல் விம்பிள்டனில் வென்ற ஸ்டான் ஸ்மித்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் இரு பக்கங்களிலும் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். இன்று அவற்றை அலங்காரம் என்று நினைப்பவர் பலர். அவை காலுக்குக் காற்றோட்டம் தர இடப்பட்டவை. குதிகாலின் மேலுள்ள பச்சை நிறத் திண்டும் வெறும் அடையாளமன்று. அவ்விடத்தில் காலணி உரசாமல் காக்கும் மெத்தை அது.

இவற்றிலிருந்து நாம் அறிவதென்ன? இன்று அழகு என்று நாம் விரும்பும் வடிவம், தான் பிறந்த காலத்தில் சுகத்தைத் தேடிப் பிறந்த வடிவமே. நேற்றைய சுகம் இன்றைய அழகாகிவிட்டது. இடையில் நிகழ்ந்தது என்னவெனில், சுகத்தின் அளவுகோல் மாறிவிட்டது. 1969இல் அடிடாஸின் 'சூப்பர்ஸ்டார்' என்னும் தோல் காலணி கூடைப்பந்துக் களத்தில் இறங்கியது. 1970களில் காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான செயற்கை நுரைமெத்தைகள் ஓட்டக் காலணிகளின் அடியில் இடம்பெறலாயின. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கித்தான் காலணி பெரிய ஆட்டக்களங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் வீதியிலிருந்து மறையவில்லை. ஆட்டத்தில் ஓய்வு பெற்ற பின் அது இளைஞரின் உடையில் ஒரு பகுதியாக மறுவாழ்வு பெற்றது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பாட்டா நிறுவனம் 1930களில் இன்றைய கொல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் என்ற ஊரையே எழுப்பிக் காலணி செய்யத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் 'டென்னிஸ்' என்னும் காலணி 1936இல் இந்தியப் பள்ளி மாணவரின் உடற்பயிற்சி வகுப்பை எண்ணி உருவாக்கப்பட்டது. அவ்வகையான வெள்ளைக் கித்தான் காலணியை அணிந்தே என் தலைமுறையினர் பள்ளி மைதானத்தில் அணிவகுத்தோம். சனிக்கிழமை ஈரத்துணியால் துடைத்து, வெள்ளை பூசி, திண்ணையில் வெயிலில் காயவைப்போம். வளரும் பிள்ளையாயிற்றே என்று பெற்றோர் ஓரளவு பெரியதாகவே வாங்குவர். முன்பக்கத்தில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொள்வோம். அந்த எளிய காலணியும் இன்று பழம்பெருமை வாய்ந்த பொருளாக மீண்டும் விலைபோகிறது. அன்று அதை அழகென்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை.

அழகுக்கும் சுகத்திற்கும் இடையிலான வழக்கை அண்மைக் காலத்தில் ஒரு நிறுவனமே பரிசோதித்துப் பார்த்தது. 2003இல் கான்வெர்ஸ் குழுமத்தை நைக்கி நிறுவனம் வாங்கியது. 2015இல், பழைய ஆல் ஸ்டாரின் தோற்றத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, நைக்கியின் மெத்தென்ற நவீன உள்ளட்டையைப் புகுத்தி, இரண்டாம் சக் டெய்லர் என்று ஒரு காலணியை வெளியிட்டனர். சுகம் கூடியது, ஆயினும் மக்கள் அதை வரவேற்கவில்லை. சில ஆண்டுகளில் அது கடைகளிலிருந்து மறைந்தது. அதற்கு முன்னர், 2013இல், 1970ஆம் ஆண்டு வாக்கிலிருந்த பழைய அமைப்பைப் பின்பற்றித் தடித்த கித்தானும் மேம்பட்ட உள்ளட்டையும் கொண்டு வெளிவந்த மற்றொரு வகையோ இன்றளவும் விலைபோகிறது. பழம்பாணிக் காலணி வாங்குபவர் காலுக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை, நினைவுக்கும் விலை கொடுக்கிறார் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள்.

நினைவுக்கு விலை கொடுப்பது குற்றமா? அன்று. இராமனுடைய பாதுகைகளைப் பரதன் தலைமேல் தாங்கிச் சென்று அரியணையில் வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். காலணி என்பது வெறும் தோலும் கட்டையும் அன்று என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அரியணையில் வைக்கும் பாதுகைக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை. காலில் அணிந்து பேருந்து நிலையத்திற்கு ஓட வேண்டிய காலணிக்கு அளவு பார்த்தே ஆக வேண்டும்.

அளவு பாராமல் அழகை மட்டும் நாடினால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் எலும்புகளே சாட்சி சொல்லுகின்றன. பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நீண்டு கூரிய முனை கொண்ட காலணிகள் நாகரிகமாயின. அம்மோகம் எவ்வளவு பரவியதெனில், 1463இல் நான்காம் எட்வர்டு மன்னரின் ஆட்சியில், பெருங்குடிப் பிரபுக்கள் அல்லாதோர் இரண்டு அங்குலத்திற்கு மேற்பட்ட முனையுள்ள காலணி அணியலாகாது என்று சட்டமே பிறந்தது. கேம்பிரிட்ஜ் நகரத்து இடைக்காலக் கல்லறைகளிலிருந்து கிடைத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்தவர்கள் 2021இல் தம் முடிவை வெளியிட்டனர். பெருவிரல் உட்புறமாகச் சாய்ந்து, அதன் மூட்டு வெளிப்புறம் புடைக்கும் கோளாறு, பதினொன்று முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவருள் 6 விழுக்காட்டினருக்கே இருந்தது. அதற்கடுத்த இரு நூற்றாண்டுகளில் அது 27 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அக்கோளாறுடைய முதியோரிடம், கீழே விழுந்து எலும்பு முறிந்த அடையாளங்களும் மிகுதியாகக் காணப்பட்டன. அந்தக் காலணிகள் மட்கிப் போய்விட்டன; அவை செய்த தீங்கு அறுநூறு ஆண்டுகள் கழித்தும் எலும்பில் எழுதியிருக்கிறது.

இங்கிலாந்தின் கதை எதற்கு, என் கதையே ஒன்றுண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், முதல் சம்பளங்களில் ஒன்றைக் கொண்டு ஒரு கடையில் ஒடுங்கிய முகப்புடைய அழகான காலணி வாங்கினேன். விரல்களை நெருக்கியது. "போடப் போடத் தளர்ந்துவிடும், சார்" என்றார் கடைக்காரர். அதையும் நம்பி, அதை அணிந்துகொண்டே ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். கோட்டையின் வரலாற்றையெல்லாம் குறிப்பெடுத்து வைத்திருந்தேன்; இராஜகிரியின் உச்சியில் நின்று சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பாதி வழியிலேயே இரு கால்களிலும் செருப்புக்கடி கொப்புளமாகி உடைந்தது. மாணவர்களை மற்றோர் ஆசிரியருடன் மேலே அனுப்பிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வெறுங்காலுடன் வந்திருந்த சிறுவன் ஒருவன் இறங்கி வந்து, "சார், மேலே ரொம்ப நல்லா இருக்கு. நீங்க வந்திருந்தா கதை சொல்லியிருப்பீங்க" என்றான். அந்த வகுப்பிற்கு நான் சொல்லாமற்போன பாடம் அது ஒன்றுதான். காலணி தளரவுமில்லை.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று நம் முன்னோர் கேட்டு வைத்திருக்கிறார்கள். அன்று நான் செய்தது ஏறக்குறைய அதுவே.

ஆகவே என் மாணவனுக்கு ஒரு வேறுபாட்டை எடுத்துரைத்தேன். சுகம் என்று நாம் ஒரே சொல்லால் கூறுவதில் இரண்டு பொருள் அடங்கியிருக்கிறது. ஒன்று மென்மை, மற்றொன்று பொருத்தம். மென்மை என்பது அடியிலுள்ள மெத்தை. பொருத்தம் என்பது நீளம், அகலம், விரல்கள் அசைய இடம், குதிகால் நழுவாத பிடிப்பு ஆகியவை. மென்மையை ஓரளவு விட்டுக்கொடுத்து அழகை வாங்கலாம். உள்ளே வேறோர் அட்டை வைத்துக் குறையைச் சிறிது நிரப்பவும் செய்யலாம். பொருத்தத்தை விட்டுக்கொடுத்தால் அதை ஈடு செய்ய வழியே இல்லை.

இதை உணர்ந்தவர்கள் முன்னரே இருந்தனர். 1920களில் சார்லஸ் பிரானக் என்ற அமெரிக்கர், காலின் நீளத்தை மட்டுமன்றி அகலத்தையும், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தூரத்தையும் அளக்கும் கருவியைச் செய்தார். காலணிக் கடைகளில் இன்றும் அது பயன்படுகிறது. 1960இல் நியூ பேலன்ஸ் நிறுவனம் தன் ஓட்டக் காலணியைப் பல அகலங்களில் விற்கத் தொடங்கியது. ஒரே நீளமுள்ள இரண்டு கால்கள் ஒரே அகலம் உடையனவாக இருப்பதில்லை என்ற எளிய உண்மையே அதற்கு அடிப்படை. அதே 1960ஆம் ஆண்டில், ரோம் நகரத்து ஒலிம்பிக் மாரத்தானில், எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா காலுக்குப் பொருந்தும் காலணி கிடைக்காமையால் வெறுங்காலுடனேயே ஓடி முதல்வரானார். நான்காண்டுகள் கழித்து டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் முதல்வரானார். பொருந்தாத காலணியினும் வெறுங்காலே மேல் என்பதை அவர் ஓடியே காட்டிவிட்டார்.

ஆராய்ச்சியாளரும் இதற்கு மாறாகக் கூறவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் என்பவரும் உடன் உழைத்தோரும் 2015இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். ஓடுபவர் தமக்குச் சுகமாகத் தோன்றும் காலணியைத் தாமே தேர்ந்தெடுப்பது, காயத்தைக் குறைக்கும் ஒரு வடிகட்டியாக அமையக்கூடும் என்பதே அது. விளம்பரம் கூறுவதைவிட உங்கள் கால் கூறுவதைக் கேளுங்கள் என்று இதை நாம் எளிதாகச் சொல்லலாம்.

கடைக்குச் செல்லும் உங்களுக்கும் சில சொற்கள். மாலை வேளையில் செல்லுங்கள். நாள் முழுதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், அப்பொழுது பொருந்துவதே எப்பொழுதும் பொருந்தும். வழக்கமாக அணியும் காலுறையுடன் செல்லுங்கள். இரு கால்களிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சிறிது பெரியதாக இருப்பது இயல்பு, பெரிய காலுக்கே அளவு கொள்ளுங்கள். நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். காலணியின் மீதுள்ள எண்ணை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எட்டு மற்றொன்றின் எட்டு அன்று. தளர்ந்துவிடும் என்று யார் கூறினாலும் என் செஞ்சிப் பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. தட்டையான கித்தான் காலணி கெட்டதன்று. ஆனால் தடித்த மெத்தைக்குப் பழகிய கால் அதற்கு மாறும்பொழுது கெண்டைக்காலும் குதிகாலும் வலிக்கக்கூடும். முதல் வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டப் பந்தயத்திற்குச் செல்ல வேண்டாம். மேலும், பழம்பாணியில் இன்று செய்த காலணி வேறு, உண்மையிலேயே பழைய காலணி வேறு. 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்ட பல காலணிகளின் மெத்தை பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலானது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். பெட்டியிலேயே புதிதுபோல் இருந்ததை எடுத்து அணிந்து நடந்தால் அடி பொடிப்பொடியாக உதிரும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது விரைவாகவே நிகழும். அரிய பொருள் என்று பெருவிலை கொடுத்து அத்தகையதை வாங்குவோர், அதை அலமாரிக்கு என்றே வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு என் மாணவன் விடைபெற்றுச் சென்றான். எதை வாங்கு என்று நான் கூறவில்லை. அவன் பணம் அவனுடையது, கால் அவனுடையது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன் நிற்கிறான். வந்த ஓசையே கேட்கவில்லை. முதலில் காட்டிய படத்திலிருந்த கித்தான் காலணி விரலை நெருக்கியதாம். ஆகவே அதை விடுத்து, விரலுக்கு இடமுள்ள வெள்ளைத் தோல் காலணியை, அதே பழம்பாணியில், வாங்கியிருந்தான். "எப்படி இருக்கிறது, ஐயா?" என்று கேட்டான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் அவனை வாசல் வரை ஒருமுறை நடந்துவிட்டு வரச் சொன்னேன். நொண்டாமல், முகம் சுளிக்காமல் நடந்து வந்தான்.

"நேற்று நான்கு மணி நேரம் கடையில் நின்றேன், ஐயா. வலிக்கவில்லை" என்றான்.